பொத்தான் துளை அளவு

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

வாயாடி எழுதுகிறேன். தொண்டையைத் தவிர மற்றதெல்லாம் நலம். தொண்டைக்கான காரணம் கீழே வருகிறது. உங்கள் முழங்கால் வலி, அண்ணனின் வயிற்றெரிச்சல், சின்னவளின் ஆடுகிற பல், மூன்றும் எப்படி இருக்கின்றன?

"உரத் தொழிற்சாலையில உனக்கு என்னடி வேலை" என்று கேட்டீர்கள். இங்கே இருபது மாடி உயரத்தில் உள்ளே ஒன்றுமில்லாத ஒரு கோபுரம் இருக்கிறது. அதன் உச்சியில் உருகிய யூரியாவை ஒரு துளைக் கூடையில் ஊற்றிச் சுழற்றுகிறார்கள். கொதிக்கிற தண்ணீரைவிடச் சூடான குழம்பு அது. மழை மாதிரி விழும், விழுகிற வழியிலேயே காற்றில் குளிர்ந்து, அடியில் வெள்ளைக் குருணையாகச் சேரும். வயலில் அள்ளி வீசுகிற உரம் அதுதான்.

ஆனால் அந்தக் கூடை துப்புகிற துளியில் ஒன்று மிளகு, ஒன்று கடுகு, மீதி வெறும் தூசி. தூசியெல்லாம் மூட்டை கட்டுகிற பெண்களின் நெஞ்சில் போய் உட்காருகிறது. ஒரு வாரம் அங்கே நின்றதற்கே எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. "பழகிடும்மா" என்றார் கோபுரத்து ஆப்பரேட்டர். அவரே இருமிக்கொண்டுதான் சொன்னார்.

எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் சர்க்கரை. பேச்செல்லாம் அவ்வளவு இனிப்பு. "துளியெல்லாம் ஒரே அளவா விழணும்னா கடவுள்கிட்டதாம்மா மனுப் போடணும்" என்றார். மனுப் போடுகிற ஆளா நான்? குழாயை மெல்லத் திறந்து பாருங்கள். நூலாக இறங்கும் தண்ணீர் கீழே போகப் போகத் தன் இஷ்டத்துக்கு உடையும். அதைச் சீராகத் தட்டிக்கொண்டே இருந்தால் தட்டுக்கு ஒரு துளியாக உடைய வேண்டும் என்பது என் கணக்கு. தட்டிப் பார்க்க இங்கே இடம் தரமாட்டேன் என்கிறார்கள். தருகிற வரை நானும் விடுவதாக இல்லை.

அண்ணனிடம் சொல்லுங்கள்: அவர் வேலை பார்க்கும் எங்கள் கம்பெனிக் கிளைக் கிடங்குக்கு வரும் மூட்டைகளில் இனிமேல் தூசி குறையும்.

வாயாடி

*

பிப்ரவரி 24

என் அருமை நாத்தனாருக்கு,

இங்கே எல்லோரும் சுகம். பல் விழுந்துவிட்டது, முழங்கால் விழவில்லை. உன் தொண்டைக்கு வெந்நீர் குடி, வாய்க்கு மருந்து கிடையாது.

உன் அண்ணனிடம் சொன்னேன். "கம்பெனிக்காரங்களுக்குத் தெரியாததா இவளுக்குத் தெரிஞ்சுடப்போகுது" என்று கிடங்குச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பூட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, பத்தடி போய், திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்க்கிற மனுஷன். அவரிடம் புதுசு என்று எதைச் சொன்னாலும் வயிறு எரியும்.

உனக்கு இடம் தராவிட்டால் என்ன, என் தையல் மிஷின் இருக்கிறதே. ஒரு டப்பாவின் அடியில் ஆணியால் துளை போட்டேன். அதை மிஷினின் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டேன். கீழே வாளியில் பச்சைத் தண்ணீர். டப்பாவில் மெழுகுவர்த்தி உருக்கி ஊற்றி, பெடலை மிதித்தேன். கையைச் சுட்டுக்கொள்ளவில்லை, பயப்படாதே.

மெழுகு முத்து முத்தாக வாளியில் மிதந்தது. அளக்க என்னிடம் என்ன இருக்கிறது? சட்டைக்குப் பொத்தான் துளை தைத்து வைத்திருந்தேன், அதில் ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தேன். முதலில் விழுந்த முத்துகள் நுழையவே இல்லை. கடைசியில் விழுந்தவை தானாக நழுவிப் போயின. மிதி மாறவில்லை, துளை மாறவில்லை, அப்புறம் ஏன்? இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன். டப்பா காலியாகக் காலியாக மெழுகு இறங்குகிற வேகம் குறைகிறது, அதுதான். மூன்றாம் நாள் பக்கத்தில் இன்னொரு டப்பா வைத்து, முதல் டப்பாவில் மட்டம் குறையாமல் ஊற்றிக்கொண்டே மிதித்தேன். இருநூற்றுப் பதினேழு முத்து. எல்லாம் ஒரே துளையில் ஒரே இறுக்கமாக நுழைந்தன. சின்னவள் கோத்து மாலையாகப் போட்டுக்கொண்டு திரிகிறாள்.

தட்டுவதை மட்டும் நினைத்துக்கொண்டிருக்காதே. மட்டத்தைப் பிடி.

உன் அண்ணி

*

மார்ச் 30

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். அங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறதென்று நம்பி, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ஒரு மாதமாகத் தட்டுவதையே கட்டிக்கொண்டு அழுதேன். நீங்கள் ஒரு டப்பாவை வைத்துத் தீர்த்துவிட்டீர்கள். இப்போது கூடைக்குப் பதில் நான் வைத்த துளைக் கலத்துக்குப் பக்கத்தில் ஒரு துணைக் கலம் இருக்கிறது. குழம்பின் மட்டம் இம்மி இறங்கினாலும் அதிலிருந்து தானாகப் பாயும். நடுவில் ஒரு எஃகுத் தண்டு அதிர்ந்துகொண்டே இருக்கும். சர்க்கரை இடம் தரவில்லை. ஆப்பரேட்டர்தான், பராமரிப்புக்குக் கோபுரத்தை நிறுத்திய இரண்டு நாளில், "நீ ஏத்தும்மா, கேட்டா நான் பாத்துக்கறேன்" என்றார்.

ஏற்றி, கோபுரத்தை ஓட்டினோம். கீழே தட்டில் விழுந்த குருணையை அள்ளினேன். அண்ணி, எல்லாம் ஒரே அளவு. மூட்டை கட்டுகிற பெண்களில் ஒருத்தி மூக்கில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துவிட்டு, "என்ன, இன்னிக்கு வேலை இல்லையா?" என்று கேட்டாள். கோபுரம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, தூசி என்று சொல்லிச் சமாளிக்கவும் வழியில்லை.

சர்க்கரை இப்போது தினமும் மேலே ஏறி வருகிறார். "நம்ம கண்டுபிடிப்பு" என்கிறார்.

வாயாடி

*

ஏப்ரல் 14

நாத்தனாருக்கு,

சுகம். நீயும் சுகமாக இருப்பாய், சாப்பிட்டால்.

மாலையைச் சின்னவள் கழற்ற மறுக்கிறாள். அது இருக்கட்டும். "நம்ம" என்று சொல்கிறவனிடம் ஜாக்கிரதையாக இரு. ஊரான் வீட்டு நெய்யை எடுத்துத் தன் பெண்டாட்டி கையால் பரிமாறுகிற ஆள் அவன். நான் தைத்த சட்டையில் கடைக்காரன் தன் பேர் போட்ட துணித்துண்டை ஒட்டி விற்றான், ஞாபகம் இருக்கிறதா? கடை வாசலில் நின்று நான் அத்தனை சட்டையிலிருந்தும் பிய்த்து எடுத்தேன். உன் அண்ணன் அவமானம் தாங்காமல் எதிர்ப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

நீ வரைந்த படத்தில் உன் பேரை எழுது. பதிய வேண்டிய இடத்தில் பதி. முதலில் அதைச் செய்.

அண்ணி

*

ஜூன் 16 (அஞ்சல் அட்டை)

அண்ணி, நலம். வேலை அதிகம். காப்புரிமை விண்ணப்பம் போட்டுவிட்டேன். பஸ்ஸில் எழுதுகிறேன், அதனால் கோணல். எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும். வா.

*

ஜூன் 27

நாத்தனாருக்கு,

இரண்டு மாதம் கழித்து ஒரு அட்டை. அதுவும் முழுசாக இல்லை. உன் முழுப் பட்டப்பேரை எழுதக்கூட மனசு வரவில்லையா?

பஸ் குலுங்கினால் எழுத்து மேலும் கீழும் போகும். உன் எழுத்து ஒவ்வொன்றும் பின்னால் சாய்ந்து, மை மேல் கை தேய்ந்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதினது மாதிரி இருக்கிறது. சின்னவள் பார்த்துவிட்டு, "அத்தைக்கு எழுத மறந்துடுச்சா?" என்று கேட்டாள். ஊசியைப் பிடித்து இருபது வருஷம் பிழைத்தவள் நான். கை எப்போது தன் வேலையைச் செய்கிறது, எப்போது செய்யவில்லை என்று எனக்குத் தெரியும்.

கை கால் சுகத்துக்கு எழுது. சும்மா கேட்கிற சம்பிரதாயமாக இதைக் கேட்கவில்லை.

அண்ணி

*

ஜூலை 19

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். இடது கையால் எழுதிப் பழகினால் மூளைக்கு நல்லதென்று எங்கோ படித்தேன். அதுதான் விஷயம், வேறொன்றுமில்லை.

துளைகளின் விளிம்பு குளிர்ந்தால் குழம்பு உறைந்து அடைத்துக்கொள்கிறது. அதை யாராவது கம்பியால் குத்தி எடுக்க வேண்டியிருந்தது. இனிமேல் யாரும் கை வைக்க வேண்டாம். விளிம்பைச் சுற்றி நீராவி ஓடுகிற ஒரு வளையம் வரைந்திருக்கிறேன். இதோடு மூன்று கண்டுபிடிப்பு ஆயிற்று.

எங்கள் வாசலில் ஒரு பலகை இருக்கிறது. 'விபத்தில்லாத நாட்கள்' என்று போட்டு, கீழே எண். இன்று 431. எல்லோருக்கும் அதில் பெருமை.

அண்ணனின் வயிறு எப்படி?

வாயாடி

*

செப்டம்பர் 3

அன்புள்ள அண்ணிக்கு,

நலமில்லை. இனி உங்களிடம் பொய் எழுதுவதாக இல்லை.

ஜூன் 2ஆம் தேதி, அடைத்த துளையைக் குத்தினேன். குழம்பு பீறிட்டு வலது கையில் விழுந்தது, மணிக்கட்டு வரை. சர்க்கரை என் தலையைத் தடவிக்கொண்டே, "பலகையில எண் போயிடும்மா. எல்லாரும் ஒரு வருஷமா காப்பாத்தின எண்ணு" என்றார். ஆஸ்பத்திரிக்கு அனுப்பவில்லை. உள்ளே இருக்கிற மருந்தாளரைக் கட்டுப் போடச் சொன்னார். வருகைப் பதிவேட்டில் நான் தினமும் வேலை பார்த்ததாக எழுதிக்கொண்டார்கள். அண்ணனுக்குத் தெரிந்தால் வேலையை விட்டு வரச் சொல்வார் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். வாயாடி என்று பேர் வைத்துக்கொண்டு மூடக் கூடாத இடத்தில் மூடினேன். விரல்கள் இன்னும் முழுசாக மடங்கவில்லை.

இப்போது கேளுங்கள். காப்புரிமை அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு நகல் வந்திருக்கிறது. கலமும் தண்டும் மேலாளரின் கண்டுபிடிப்பு, நான் அவர் சொல்லச் சொல்லப் படம் வரைந்தவள் மட்டும், எனக்கு எந்த உரிமையும் வேண்டாம் என்று ஒரு பத்திரம். அடியில் என் கையெழுத்து. பழைய படங்களில் நான் போடுவது போலவே, வாலைச் சுழித்து, அச்சு அசலாக. தேதி ஜூன் 18.

ஜூன் 18 அன்று என் வலது கை தலையணை மாதிரி கட்டுக்குள் இருந்தது. பிற்பாடு எழுதி முன்தேதி போட்டிருக்கிறார்கள். அந்தத் தேதியில் நான் நல்ல கையோடு வேலைக்கு வந்ததாகப் பதிவேடு சொல்கிறது. தாங்கள் எழுதிய பொய்யைத் தாங்களே நம்பிவிட்டார்கள். என்னிடம் மருத்துவச் சீட்டு எதுவும் கிடையாது. உலகத்திலேயே ஒரே அத்தாட்சி, நான் உங்களுக்கு அனுப்பிய கோணல் அட்டைதான். எழுத்தின் மேலேயே தபால் முத்திரை இருக்கும். அதைத் தூக்கிப் போடவில்லையே?

பத்திரத்தில் சாட்சி என்ற இடத்தில் இன்னொரு கையெழுத்தும் இருக்கிறது. அதைப் பற்றி நான் இப்போது எழுதப்போவதில்லை. ஆகஸ்டில் சர்க்கரை உங்கள் ஊர்க் கிடங்குக்கு வந்தாரா?

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லவும்.

வாயாடி

*

செப்டம்பர் 24

அண்ணிக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. உங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

காப்புரிமை அலுவலகத்தில் நான் கொடுத்த புகாருக்கு விசாரணை அக்டோபர் 12. சர்க்கரை நேற்று அறைக்கு வந்தார். "உங்கண்ணன் நம்ம கம்பெனிலதானேம்மா இருக்காரு, நல்ல மனுஷன்" என்று மட்டும் சொன்னார். கதவைத் திறந்துவிட்டு, "வெளியே போங்க சார்" என்றேன். வேலையை விடச் சொல்கிறார்கள், நான் தினமும் எட்டு மணிக்குப் போய் உட்காருகிறேன். நாற்காலியை எடுத்துவிட்டார்கள், மூட்டைப் பெண்கள் ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்கள்.

அட்டையை அனுப்பினால் அங்கே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் கெஞ்சவில்லை. உங்கள் வீடு, உங்கள் முடிவு. அட்டை வந்தாலும் வராவிட்டாலும் 12ஆம் தேதி நான் போவேன். வெறுங்கையோடு போனாலும் அந்தக் கையைத்தான் மேஜை மேல் வைப்பேன்.

வாயாடி

*

அக்டோபர் 5

அடி என் நாத்தனாரே,

நான் சுகம், முழங்காலும் சுகம். இந்த வீட்டில் ஒரு மாதமாகச் சுகமில்லாதது பேச்சு மட்டும்தான்.

உன் செப்டம்பர்க் கடிதம் வந்த அன்றே உன் அண்ணன் முன்னால் வைத்தேன். படித்தார். சோற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். "ஆகஸ்ட்ல வந்தாரு. அவ ஏற்கெனவே போட்டுட்டா, நீங்க சாட்சி போட்டாப் போதும்னாரு. கையெழுத்து அவளுதுதான்னு பாத்தேன். அதுக்கு மேல படிக்கல" என்றார். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிற மனுஷன், தங்கச்சி தலையெழுத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினால் தாள் பற்றிக்கொள்ளும்.

மறுநாளே அனுப்பியிருப்பேன். "வேலை போயிடும்" என்றார். "போகட்டும், என் மிஷின் இருக்கு" என்றேன். "எந்த முகத்தை வச்சிக்கிட்டு அவ முன்னாடி நிப்பேன்" என்றார். உனக்கு எழுதாததற்குக் காரணம் அதுதான். நான் அனுப்பினால் அவரைக் காட்டிக்கொடுத்ததாக ஆகும், அவரே கொண்டுவந்தால் வேறு. அந்த வேறுக்காகக் காத்திருந்தேன், உன்னைக் காக்கவைத்தேன். என்னை மன்னித்துவிடு. 10ஆம் தேதி வரை பார்ப்பது, இல்லையென்றால் நானே ரயில் ஏறுவது என்று சின்னவளுக்குத் துணிகூட எடுத்து வைத்துவிட்டேன்.

நேற்று காலையில் அவராகவே தையல் பெட்டியைத் திறந்து, உன் கடிதங்களைத் தேடி எடுத்தார், என் கடிதத்தின் நகல் ஏதும் உண்டா என்றும் கேட்டார். என் கடிதங்கள் உன்னிடம்தானே இருக்கும் என்றேன். அட்டையை எடுத்துப் பார்த்தார். "இந்த எழுத்தைப் பாத்தும் நமக்கு உறைக்கலயே" என்றார். "உங்களுக்கு மட்டும்தான் உறைக்கல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அட்டை அவர் கையில் வரும். திட்டுவதென்றால் சாப்பிட்ட பிறகு திட்டு.

அண்ணி

*

அக்டோபர் 15

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். இந்தத் தடவை நிஜமாகவே.

அண்ணன் வந்தார். நான் திட்டவில்லை. என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்ட வாய் வரவில்லை, எனக்கே.

விசாரணை அதிகாரி ஒரு வயதான அம்மாள். பத்திரத்தையும் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பதினாறாம் தேதிக் கிறுக்கல், பதினெட்டாம் தேதிச் சித்திரம். "இந்த அட்டையை இப்பக்கூட எழுதியிருக்கலாமே" என்றார் சர்க்கரை. அம்மாள் முத்திரையின் மேல் விரலை வைத்துக் காட்டினார்.

அப்புறம் அண்ணனைக் கூப்பிட்டார்கள். "ஆகஸ்ட் இருபதாம் தேதி, கிடங்குல வச்சு நான் போட்டேன். என் தங்கச்சி அங்க இல்ல. அவ போட்டதை நான் பாக்கல. தப்பு என்னுது" என்றார். வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து கொடுத்ததும் மூன்று தடவை படித்தார். குமாஸ்தா கொட்டாவி விட்டார். நாலாவது தடவையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

பத்திரம் செல்லாது என்று எழுதிவிட்டார்கள். சர்க்கரை நீண்ட விடுப்பில் போயிருக்கிறார். நேற்று ஆப்பரேட்டர் ஏணி போட்டு ஏறி, வாசல் பலகையில் இருந்த எண்ணைக் கழற்றிவிட்டு 'பூஜ்யம்' மாட்டினார். மூட்டைப் பெண்கள் கை தட்டினார்கள்.

அண்ணனின் வேலை போன செய்தி உங்களுக்கு முன்பே வந்திருக்கும்.

இனி உங்கள் விஷயம். என் விண்ணப்பத்தில் ஒரு தவறு இருந்தது, அதை நானே அதிகாரியிடம் சொன்னேன். தண்டு என்னுடையது. மட்டம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் அந்தத் துணைக் கலம் என்னுடையதில்லை. பிப்ரவரி 24 தேதியிட்ட உங்கள் கடிதத்தைக் காட்டினேன். "இவங்க இன்ஜினியரா?" என்று கேட்டார் அந்த அம்மாள். "தையல்காரங்க" என்றேன். "அளவு சரியாத்தான் எடுத்திருக்காங்க" என்றார்.

திருத்திய விண்ணப்பத்தை இதோடு வைத்திருக்கிறேன். கண்டுபிடித்தவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. முதலில் உங்களுடையது. வேண்டாம், எதற்கு என்றெல்லாம் எழுதினால் நானே வந்து உங்கள் வீட்டு வாசலில் நின்று கத்துவேன். கடைக்காரன் பேரைச் சட்டையிலிருந்து பிய்த்தீர்களே, இங்கே உங்கள் பேரை ஒட்டுங்கள்.

வாயாடி

*

அக்டோபர் 29

வாயாடிக்கு,

எல்லோரும் சுகம். சின்னவளுக்குப் புதுப் பல் முளைத்துவிட்டது. உன் விரலைத் தினமும் வெந்நீரில் வைத்து மடக்கு, வலித்தாலும் மடக்கு.

வேண்டாம் என்று எழுத நான் என்ன பைத்தியமா? ஒரு நாள் முழுக்க அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தைத்துத் தர வேண்டிய துணியெல்லாம் அப்படியே கிடந்தது. வந்து கேட்டவர்களிடம், "இன்னிக்கு நான் இன்ஜினியர், நாளைக்கு வாங்க" என்றேன்.

உன் அண்ணன் இப்போது எனக்குப் பொத்தான் தைத்துத் தருகிறார். ஒவ்வொரு பொத்தானையும் தைத்துவிட்டு இழுத்துப் பார்க்கிறார், மடித்து வைத்த சட்டையை மறுபடி பிரித்து இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கிறார். இந்த வேகத்தில் போனால் நாங்கள் பிச்சைதான் எடுக்க வேண்டும். ஆனால் ஒன்று, பொத்தான் அறுந்தது என்று இதுவரை ஒருவரும் திரும்பி வரவில்லை. வயிற்றெரிச்சலும் நின்றுவிட்டது.

கையெழுத்துப் போட்டாச்சு. நானே போட்டேன். சாட்சி வேண்டும் என்று கீழே கோடு போட்டிருந்தது. அதை உன் அண்ணன் போட்டிருக்கிறார். இந்தத் தடவை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாகப் படித்தார், நான் பேனா எடுத்ததிலிருந்து வைக்கிறவரை பக்கத்திலேயே நின்று பார்த்தார். அப்புறம்தான் போட்டார்.

அண்ணி